சிக்னலக்கா ஏன் இளைத்தாள்

கட்டட வேலை நடக்கிற அந்த வளாகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். வாசல் காவலாளியிலிருந்து தலைமை இன்ஜினியர் வரைக்கும் மற்ற எல்லாருக்கும் அவள் சிக்னலக்கா. மஞ்சள் கோட்டு, வெள்ளை ஹெல்மெட், கையில் வாக்கி-டாக்கி. டவர் கிரேன் எதைத் தூக்கினாலும், எங்கே இறக்கினாலும், கீழே நின்று வழி சொல்கிறவள் அவள்தான். அத்தனை உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டருக்குச் சுவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அவருக்குக் கண் இவள் வாய்தான்.

அந்த ஆபரேட்டருக்கு மேகம் என்று பட்டப்பெயர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். வேலை நடக்கும்போது இருவருக்கும் நடுவே மரியாதை கிடையாது. "தூக்கு, தூக்கு, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், நில்லு!" என்று வாக்கி-டாக்கியில் அதட்டுவாள். லோடு தரையில் உட்கார்ந்து கொக்கி கழன்றதும் அதே குரல் குழைந்துவிடும். "அண்ணே, டீ அனுப்பட்டுமா?"

ஏழு வருஷமாக அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. அந்த வலியைவிடப் பெரிய வலி ஒன்று உண்டு. மேலே இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று எத்தனையோ தடவை மேகத்திடம் கேட்டிருக்கிறாள்.

"எல்லாம் தெரியும் தங்கச்சி."

"எல்லாம்னா என்னண்ணே?"

"எல்லாம்தான்."

மனுஷன் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இப்படி ஒரு இடத்தில் இப்படி ஒரு ஆளையா உட்கார வைப்பார்கள் என்று அவளுக்கு ஆத்திர ஆத்திரமாக வரும்.

ஆள் நல்ல வாட்டசாட்டம். ஒரு வாசலில் நின்றால் பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டியதுதான். அதுபற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இளைக்க முயன்றதே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொன்னதற்காக ஒரு மாதம். மகள் பிறந்தபிறகு டாக்டர் மிரட்டியதற்காக இன்னொரு மாதம். தங்கச்சியின் கல்யாண ஆல்பத்தில் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று ஒரே ஒரு வாரம். யாரோ ஒருத்தருக்காக வயிற்றைக் கட்டுவது அவளுக்கு இரவல் செருப்பு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் கடித்தது. கழற்றிப் போட்டுவிட்டுத் தன் போக்கில் போய்விட்டாள்.

அப்படி இருந்தவளைத்தான் ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டம் பிடித்து ஆட்டிவிட்டது.

"இன்னொரு கிரேன் வருது," என்றார் இன்ஜினியர். "ஓட்டறதுக்கு வெளியில இருந்து ஆள் எடுக்கல. நம்ம சைட்ல இருந்தே ரெண்டு பேருக்குப் பயிற்சி குடுக்கப் போறோம். கிரேன் பக்கத்துல அஞ்சு வருஷம் வேலை பார்த்தவங்க யார் வேணும்னாலும் பேர் குடுக்கலாம். இன்னும் ஆறு மாசத்துல ஆரம்பம்."

அவளுக்குத் தெரியாமலே அவள் கை மேலே போயிருந்தது.

"ஐயோ, அக்கா ஏறினா கிரேன் சாஞ்சிரும்!" என்று பின்னாலிருந்து ஒரு கம்பி கட்டுகிறவன் கத்தினான்.

"சாஞ்சா உன் மேலதான் சாயும். தள்ளி நில்லு," என்றாள் திரும்பாமலே. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பாதுகாப்பு அதிகாரி அவளைத் தன் தகர அறைக்குக் கூப்பிட்டாள். சின்ன வயசுப் பெண். சட்டம் பேசினால் அரை அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டாள். பூட்ஸ், ஹெல்மெட், சேஃப்டி பெல்ட் எல்லாம் மாட்டி எடை மெஷினில் நிற்கச் சொன்னாள். நூற்றுப் பதினான்கு காட்டியது.

"அக்கா, எல்லாம் சேர்த்து நூறுக்குள்ள இருக்கணும்."

"ஏம்மா, கொஞ்சம் பெரிய பெல்ட்டா வாங்கக் கூடாதா?"

"பெல்ட் வாங்கிடலாம். மேல ஒருத்தங்க மயங்கிட்டா கயித்துல கட்டி இறக்குறதுக்கு ஒரு கருவி இருக்குல்ல, அது நூறு கிலோவுக்குத்தான். அதுக்கு மேல நான் கையெழுத்துப் போட முடியாது."

"நான் மயங்க மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்றாங்க."

வேறு யாராவது இப்படித் தன் எடையைப் பற்றிப் பேசியிருந்தால் அவள் ஒரு பிடி பிடித்திருப்பாள். இன்றைக்குக் கோபமே வரவில்லை. அம்மா சொன்னபோது அதில் ஒரு பெருமூச்சு இருந்தது. டாக்டர் சொன்னபோது ஒரு அலுப்பு இருந்தது. இந்தப் பெண் சொன்னதில் எதுவும் இல்லை. கிரேனுக்கு இத்தனை டன் என்று பலகையில் எழுதியிருக்கிற மாதிரி, மனுஷிக்கும் ஒரு கணக்கு. அவ்வளவுதானே! அறையை விட்டு வெளியே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கழுத்து வலிக்கவில்லை.

அவள் கணவர் பேக்கரியில் வேலை பார்க்கிறவர். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, விடியும்போது ஒரு பை நிறையச் சூடான பன்னோடு வீடு வந்து, பகலெல்லாம் தூங்குகிறவர். சாயங்காலம் அவர் எழுந்து முகம் கழுவும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. குளியலறை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நான் மேல போகப் போறேன்."

அவர் கையிலிருந்த துண்டு நழுவியது. "விளக்கு வைக்கிற நேரத்துல ஏன் இப்படியெல்லாம் பேசற?"

"ஐயோ, கிரேனுக்குங்க! ஓட்டறதுக்கு!"

முழுக்கதையும் கேட்டார். அவருக்கு உயரம் என்றாலே ஆகாது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவதற்கே மகளைக் கூப்பிடுகிறவர். அந்தப் பயத்தை வெளியே சொல்லாமல் சுற்றி வளைத்தார்.

"நல்லாத்தானே இருக்கே. எதுக்கு இளைக்கணும்? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"யாரோ என்னமோ சொல்லாம ஒரு பொம்பள திடீர்னு இளைக்கிறேன்னு கிளம்புவாளா?"

அவள் எவ்வளவு சொல்லியும் அது மட்டும் அவருக்கு ஏறவில்லை. கடைசியில் அவள், "நாளையிலேர்ந்து எனக்கு பன் வேண்டாம்," என்றபோது முகம் சுருங்கிப்போனது. கல்யாணமான மறுநாளிலிருந்து அந்தப் பை இந்த வீட்டுக்கு வராத நாளில்லை. அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. பேச வேண்டியதையெல்லாம் மாவில் பிசைந்து கொண்டுவந்து தருகிறவர். அதையே வேண்டாம் என்றால்?

எப்படி இளைப்பது என்பதற்கு ஊரைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. மாடி வீட்டிலேயே நாத்தனார் இருந்தாள். தையல்காரி. கணவருக்கு அக்கா. அவள் பார்க்காத டயட் கிடையாது. அப்போது மகனுடைய கல்யாணத்துக்காக ஜூஸ் டயட்டில் இருந்தாள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பச்சை நிறத்தில் ஒரு டம்ளர்.

"ஏன்னு நான் கேட்கவே மாட்டேன்டி," என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள் நாத்தனார். "பொம்பளைன்னா இளைக்கணும். அவ்வளவுதான். இதுல இறங்கு, சும்மா வழுக்கிட்டுப் போகும்!"

வழுக்கிக்கொண்டுதான் போனது. இரண்டே வாரத்தில் ஐந்து கிலோ. சிக்னலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேகத்தில் போனால் ஆறு மாதம் எதற்கு, மூன்று மாதம் போதுமே! பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று எடை மெஷினில் ஏறி இறங்கினாள். மகள் பரீட்சைக்குப் படிக்கிறவள், "அம்மா, அது என்ன பஸ்ஸா?" என்றாள்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். ஜன்னல் கண்ணாடிகள் அடுக்கிய சட்டம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. "இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து கறுப்பாகிக்கொண்டே வந்தன. நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு முன்னால், எங்கிருந்தோ பலத்தை வரவழைத்துக்கொண்டு, "நில்லு!" என்று மட்டும் சொன்னாள். அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடி அத்தனையும் அந்தரத்தில் அசையாமல் நின்றது. ஒரு கீறல் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேகம் அன்று வழக்கத்துக்கு மாறாக நடுப்பகலில் இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் டிபன் டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்ப ஏறிப் போனார்.

பாதுகாப்பு அதிகாரி வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டாள். "ஒரு வாரம் சாமான் அறையில இருங்கக்கா. டாக்டரைப் பார்த்துட்டு வாங்க."

சாமான் அறையில் ஆணியும் நட்டும் எடுத்துக்கொடுத்துக்கொண்டே அவள் யோசித்தாள். மணல் குவியல் இருந்ததால் உட்கார்ந்தேன். ஏணியின் நடுவில் இது வந்திருந்தால்? கயிற்றில் கட்டி இறக்குகிற கருவி யாருக்காக என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர் அவளை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஒரு கூடத்துக்கு அனுப்பினார். வாரம் ஒருநாள் சாயங்காலம் அங்கே பெண்கள் கூடினார்கள். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் பழங்களின் படம். உணவு ஆலோசகர் நல்ல பூசின உடம்புக்காரி. இவங்களே இப்படி இருந்தா நமக்கு என்ன சொல்லப் போறாங்க என்று சிக்னலக்கா நினைத்தது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் போன வருஷம் இதைவிடப் பெருசா இருந்தேன்ம்மா. உட்காருங்க," என்று சிரித்தார் ஆலோசகர். "என்ன சாப்பிடணும்னு அப்புறம் பேசலாம். முதல்ல ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எதுக்காக இளைக்கணும்?"

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருத்தி முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "பிரேக் மிதிச்சா எனக்குத்தான் கத்தணும்போல இருக்கு."

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு சின்னப் பெண், "எடை குறைஞ்சா வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்க," என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

வங்கியில் காசாளராக இருப்பவள் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் போன்ல மத்த பொண்ணுங்க போட்டோவைக் காட்டிக் காட்டிப் பேசறாரு."

"அப்ப எடை குறைய வேண்டியது அவரோட போன்தான்," என்றாள் பஸ்காரி. கூடமே அதிர்ந்தது. காசாளரும் சிரித்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு உண்மையில ஒரு காரணமும் இல்ல. வீட்ல தனியா இருக்கேன். இங்க வந்தா நாலு பேரோட பேசலாம்," என்றார். ஆலோசகர் அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக இவள் முறை வந்தது.

"எனக்கு மேல ஏறணும்."

"நல்லதும்மா. வாழ்க்கையில எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கணும்."

"வாழ்க்கைல இல்லைங்க. ஏணியில."

அப்புறம் அவள் சொல்லச் சொல்ல, நாற்காலிகள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தன. எவ்வளவு உயரம், காற்று அடித்தால் ஆடுமா, அவசரமாக ஒண்ணுக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஆடும், ஆடத்தான் வேண்டும், ஆடாவிட்டால்தான் ஆபத்து என்று அவள் கைகளை விரித்து ஆடியே காட்டினாள்.

"அங்கேர்ந்து பார்த்தா எங்க பேங்க் தெரியுமா?" என்றாள் காசாளர்.

"தெரியும்னுதான் நினைக்கிறேன். அதைப் பார்க்கத்தானே ஏறணும்ங்கறேன்!"

ஆலோசகர் மட்டும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "ஏறும்போது கைக்கும் காலுக்கும் பலம் எங்கேர்ந்து வரும்?"

அவளுக்குப் பதில் தெரியும். மணல் குவியலில் உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்றார் ஆலோசகர். முட்டை, பயறு, தட்டில் பாதிக்குக் காய்கறி, வேலை நடுவே ஒரு பழம். சர்க்கரை போட்ட டீயும் கண்ட நேரத்துத் தீனியும் கூடாது. படி ஏறிப் பழக வேண்டும். அப்படிச் செய்தால் வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் முக்கால் கிலோ குறையும்.

சிக்னலக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மயிரிழையில் வந்து சேரலாம். சேராமலும் போகலாம். ஜூஸ் குடித்தால் நிச்சயம் சீக்கிரம் வந்துவிடும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவுக்கு என்றால் ஜூஸே போதும். போட்டோவில் யாரும் மயங்கி விழுவதில்லை. அவளுக்கு வேண்டியதோ நூறு கிலோவுக்குள் ஓர் ஆள், அதுவும் கையும் காலும் சொன்னபடி கேட்கிற ஆள். வீட்டுக்குள் நுழையும்போதே மகளிடம் இரண்டு முட்டை வேகவைக்கச் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

கெட்டுத்தான் போனது போல் இருந்தது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ திரும்ப ஏறியது. அவள் மெஷினை முறைத்தாள். ஆனால் கண் இருட்டவில்லை. வாக்கி-டாக்கி கைக்குத் திரும்பியது.

படி ஏறுவதற்கு இடம் காட்டியவள் காசாளர். வங்கிக்குப் பக்கத்தில் ஏழு மாடி கார் நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. சாயங்காலம் கார்கள் போய்விட்டால் படிக்கட்டு காலி. முதல்நாள் இருவர் ஏறினார்கள். மறுவாரம் அந்தச் சின்னப் பெண் சேர்ந்தாள். பஸ்காரி முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு மூன்றாவது மாடி வரை வந்தாள். டீச்சர் இரண்டாவது மாடியில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டு, கடந்து போகிறவர்களையெல்லாம், "முதுகை நிமிர்த்து! வாயை மூடி மூச்சு விடு!" என்று பழைய வகுப்புக் குரலில் விரட்டினார். அங்கே இருந்த இரைச்சலைக் கேட்டு ஒருநாள் காவலாளியே பயந்துபோய் மேலே ஓடிவந்தார்.

வீட்டில் மட்டும் பனி உறைந்திருந்தது. காலையில் பன் பை வரும், மேசையில் இருக்கும், மகள் ஒன்று எடுப்பாள், மற்றவை நாத்தனார் வீட்டுக்குப் போகும். கணவர் காலிப் பையை மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். அதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது.

ஒருநாள் பேக்கரி வண்டிக்காரர் வரவில்லை. சைட் கேன்டீனுக்குக் கொடுக்க வேண்டிய பன் தட்டுகளை அவரே தூக்கம் கெட்ட கண்ணோடு எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. அவள் வேலைநேரம்தானே அவர் தூங்கும் நேரம்!

அவர் வாசலுக்குள் நுழைந்தபோது ஒரு முழுப் படிக்கட்டுத் துண்டு, வார்த்து முடித்த கான்கிரீட், ஆகாயத்தில் மிதந்து வந்துகொண்டிருந்தது. "எல்லாரும் தள்ளுங்க!" என்று ஒரு குரல். நாற்பது ஆண்கள் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள். லாரி நின்றது. இன்ஜினியர் நின்றார். மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருத்தி, ஒரு கையை உயர்த்தி, மேலே பார்த்துக்கொண்டே, குரலை ஏற்றாமல், "இறக்கு, இறக்கு, கொஞ்சம் வலது, இறக்கு" என்று சொல்லச் சொல்ல, அத்தனை பெரிய படிக்கட்டு ஒரு தூக்கணாங்குருவி கூட்டுக்குள் நுழைகிற மாதிரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பேக்கரிக்காரர் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கேன்டீன்காரர் வந்து தட்டைப் பிடுங்க வேண்டியிருந்தது.

"யாருங்க அந்தம்மா?" என்று அவர் தெரியாதவர் போலக் கேட்டாராம். கேன்டீன்காரர், "தெரியாதா? சிக்னலக்கா. அவங்க வாய் அசைஞ்சாத்தான் இங்க எதுவும் அசையும்," என்றாராம். "என் சம்சாரம்," என்று சொல்லிவிட்டு இவர் விடுவிடுவென்று வெளியே போய்விட்டாராம். இதெல்லாம் கேன்டீன்காரர் சொல்லித்தான் அவளுக்கு மறுநாள் தெரிந்தது.

அதற்கு முன்பே விடியற்காலையில் பையில் வேறு எதுவோ வந்திருந்தது. கறுப்பாக, கனமாக, நாற்சதுரமாக ஒரு ரொட்டி. முழுத் தானியமும் பயற்று மாவும் சேர்த்துச் செய்தாராம். மகள் ஒரு துண்டு கடித்துவிட்டு, "அப்பா, இது சாப்பாட்டுக்கா, அம்மா சைட்டுக்கா?" என்றாள்.

"முதல் தடவைல எல்லாம் வராது," என்றார் அவர் சட்டை செய்யாமல். மூன்றாவது தடவை ரொட்டியாகவே வந்தது. நாலாவது தடவை நாத்தனாரே இன்னொரு துண்டு கேட்டாள். "மேல போறவளுக்கு வயிறு நிறைஞ்சிருக்கணும்ல?" என்றார் கணவர். "ஐயோ, மேல போறவன்னு சொல்லாதீங்க!" என்று இந்தத் தடவை அவள்தான் பதறினாள். அவர் சிரித்தார். வீட்டில் அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவளுக்கு ஓடிப்போய் நாலு தடவை மாடி ஏறி இறங்க வேண்டும் போலிருந்தது.

நடுவில் ஒரு மாதம் எடை அசையவே மறுத்தது. என்ன தின்றாலும் தின்னாவிட்டாலும் அதே எண். ஆத்திரத்தில் மெஷினை ஜன்னல் வழியாகப் போடத் துணிந்தாள். அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் இறங்கி வந்தாள். மகன் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. குறைந்த எட்டுக் கிலோவும் வட்டியோடு திரும்பியிருந்தது.

"போட்டோ எடுத்தாச்சு. இனி எதுக்கு?" என்று சோபாவில் சாய்ந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாத்திரை ஒண்ணு இருக்குதுடி, விளம்பரத்துல பார்த்தேன்" என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி, எழுந்திரிங்க. செருப்பைப் போடுங்க."

"எங்கடி?"

"ஏழு மாடி இருக்கு. வந்து பாருங்க."

நாத்தனார் அன்று ஒன்றரை மாடிதான் ஏறினாள். மீதி நேரம் முழுக்க டீச்சரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தாள். மறுவாரம் தானாகவே வந்தாள். டீச்சருக்கு ஒரு ரவிக்கை அளவெடுக்க வந்ததாகச் சொன்னாள். அளவெடுத்து முடித்தபிறகும் வந்துகொண்டிருந்தாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. தகர அறைக்கு முன்னால் பாதி சைட் கூடிவிட்டது. அன்றைக்கு கிரேன் சாயும் என்று கத்தினவன் முன்வரிசையில் நின்றான். பேர் கொடுத்த இன்னொருவர், சாரம் கட்டுகிற ஒல்லியான மனிதர், ஏறி இறங்கிவிட்டார். சிக்னலக்கா பூட்ஸ், ஹெல்மெட், பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மெஷினில் ஏறினாள்.

பாதுகாப்பு அதிகாரி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். "நூறு புள்ளி எட்டு."

கூட்டம் "அடடா" என்றது. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வேண்டுமென்றே வேகமான வழியை விட்டுவிட்டு மெதுவான வழியில் வந்தோமே, முக்கால் கிலோவுக்கா இந்தப் பாடு!

"அக்கா," என்றாள் அதிகாரி, "பாக்கெட்ல என்ன?"

அவள் கைவிட்டுப் பார்த்தாள். அளவு டேப் வந்தது. ஸ்பேனர் வந்தது. சாமான் அறைச் சாவிக்கொத்து வந்தது. மற்றொரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு ஸ்பேனர். இடுப்புப் பையில் ஒரு கைப்பிடி நட்டு, ஒரு பழைய பேட்டரி, பாதி தின்ற ரொட்டி.

"இதையெல்லாம் யார் ஏணியில தூக்கிட்டு ஏறச் சொன்னா? சாமான் தனியா கயித்துல வரும். அதுதான் சட்டம்," என்றாள் அதிகாரி. அவள் உதட்டோரம் சிரிப்பு துடித்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் அரை அங்குலம் விட்டுக்கொடுக்காதவள், அன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "திரும்ப ஏறுங்க."

தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு.

கூட்டம் போட்ட சத்தம் மேலே கேபின் வரை கேட்டிருக்கிறது. வாக்கி-டாக்கி கரகரத்தது. "என்னாச்சு? என்னாச்சு?" என்று மேகம் அலறினார். கம்பி கட்டுகிறவன் அவள் ஹெல்மெட்டை எடுத்துத் தான் போட்டுக்கொண்டு ஆடினான்.

முதல் ஏற்றத்தின்போது அவளுக்குப் பசியில்லை, மயக்கமில்லை. பயம் மட்டும் இருந்தது. கிரேன் தூணுக்குள் இருக்கிற ஏணி, ஒவ்வொரு மட்டத்திலும் நின்று மூச்சு வாங்க ஒரு சின்னத் தளம். பாதி உயரத்தில் தூண் லேசாக ஆடியது. ஆடத்தான் வேண்டும் என்று கூடத்தில் கையை விரித்துக் காட்டியவள், நிஜமாகவே ஆடியபோது அப்படியே நின்றுவிட்டாள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஏழு மாடிப் படிக்கட்டை நினைத்தாள். இரண்டாவது மாடியில் டீச்சர் விரட்டுவது காதில் விழுந்தது. கால் தானாக அடுத்த படியில் போய் நின்றது. கை தானாக அடுத்த கம்பியைப் பிடித்தது. உடம்பு சொன்னபடி கேட்டது.

மேலே போய்ச் சேர்ந்தவள் முதல் காரியமாக மேகத்தை ஒரு முறை முறைத்தாள். "எல்லாம்தான்னு சொன்னீங்களே, ஆறு இருக்குன்னு சொன்னீங்களா? ஆத்துக்கு அந்தப் பக்கம் ரயில் வளைஞ்சு போகுதுன்னு சொன்னீங்களா? மழை தூரத்துல ஒரு இடத்துல மட்டும் பெய்யறது தெரியுமே, அதைச் சொன்னீங்களா?" அவர் தலையைச் சொறிந்தார். வங்கியும் தெரிந்தது. பக்கத்திலேயே கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் புள்ளி புள்ளியாகச் சில பேர் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் வீசிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். பஸ்காரியின் முழங்கால் ஏழாவது மாடிவரை வந்துவிட்டிருந்தது.

பயிற்சி முடிந்தது, பரீட்சை எழுதினாள், உரிமம் வந்தது. எடை அதற்குப் பிறகு ஒரு கிலோ ஏறுவதும் ஒன்றரை கிலோ இறங்குவதுமாக இருக்கிறது. இன்றைக்கும் வாட்டசாட்டமான ஆள்தான். சாயங்காலங்களில் படிக்கட்டில் இப்போது பதினைந்து பேருக்கு மேல் ஏறுகிறார்கள். குழந்தைக்காகக் காத்திருந்த சின்னப் பெண் மட்டும் ஏறுவதை நிறுத்தியிருக்கிறாள். டாக்டர் ஐந்து மாதம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் நிற்கிறார்.

இரண்டாவது கிரேனில் அவள் தனியாக உட்கார்ந்த முதல் நாள், முதல் லோடு ஒரு தண்ணீர்த் தொட்டி. பதினாறாவது மாடிக் கூரையில் வைக்க வேண்டும். கீழே சிக்னல் கொடுக்க ஒரு புதுப் பெண். குரல் நடுங்கியது. "அக்கா, தயவுசெஞ்சு கொஞ்சம் தூக்கறீங்களா?"

"தயவெல்லாம் வேண்டாம். தூக்குன்னு சொல்லு."

"தூக்கு."

கம்பி இறுகியது. தொட்டி தரையை விட்டுக் கிளம்பியபோது கேபின் ஒரு தடவை முன்னால் குனிந்து நிமிர்ந்தது. அவள் உள்ளங்கைக்குள் இரண்டு டன் எடை வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு மாடியாக எழும்பியது. காற்றில் மெல்லத் திரும்பியது. கூரையில் நின்ற நால்வர் கையை நீட்டினார்கள். "இறக்கு, இறக்கு, நில்லு!" தொட்டி சத்தமே இல்லாமல் அமர்ந்தது. கூரைக்காரர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

கொக்கி கழன்றது. கீழே அடுத்த லாரி வந்து நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, அடுத்த லோடு ரெடி!" இந்தத் தடவை குரலில் நடுக்கம் இல்லை.

"மாட்டு," என்றாள் அவள்.